வெள்ளைக் கழிச்சல் வைரஸும் மின்மினி நொதியும்

நாமக்கல், மோகனூர், புதுச்சத்திரம், பரமத்தி வேலூர் வட்டாரங்களில் முட்டைக்கோழி வளர்ப்பவர்களிடம் லாசோட்டா என்ற பெயரை விளக்கத் தேவையில்லை. வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து அது. ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திக் கோழிகளைத் தாகத்துக்கு விட்டு, பிறகு குளோரின் கலக்காத தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, அதில் மருந்துக் குப்பியைத் திறந்து கலப்பார்கள். பால்பவுடர் ருசிக்காக அல்ல. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாமல் காப்பதற்காக. ஏனென்றால் குப்பிக்குள் இருப்பது உயிருள்ள வைரஸ். 1946-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் பிரித்தெடுக்கப்பட்ட வீரியம் குறைந்த வகை. அந்தப் பண்ணையின் பெயரே வைரஸுக்கும் நிலைத்துவிட்டது.

இதே லாசோட்டாவை நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியையும் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் எலியின் புற்றுக்கட்டிக்குள் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். ஆய்வு முடிவு 2014-ல் வெளியானது. புற்றுக்கு எதிரான ஆயுதமாக இந்தக் கோழி வைரஸைச் சோதிப்பதுதான் நோக்கம். வைரஸ் உடலில் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக மின்மினிப் பூச்சியின் மரபணு ஒன்றையும் அதற்குள் பொருத்தியிருந்தார்கள். வைரஸ் பெருகும் இடத்தில் வெளிச்சம் எழும். அந்த வெளிச்சம் தெரிந்த இடத்தைவிடத் தெரியாமல் போன இடம்தான் அதிகம் கற்பித்தது. கோழி நோயைத் தினசரி வேலையாக அறிந்த நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்த ஆய்வுமுறையில் சொந்தமான ஒரு கேள்வி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு வருவதற்கு முன் வைரஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1926-ல் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அடுத்த ஆண்டே குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் அதே நோய் பதிவானது. உலகம் நியூகாசில் நோய் என்றது. இந்தியக் கால்நடை மருத்துவர்கள் ராணிக்கேட் என்றார்கள். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகிக்கொள்ளுதல், முட்டை ஒரேயடியாக விழுதல். வீரிய வகை நுழைந்தால் தடுப்பு மருந்து போடாத கோழிகளில் தப்புவது சொற்பம். புறக்கடைக் கோழிகளுக்காக ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாம் இந்த நோய்க்கானதுதான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சூட்டைத் தாங்கும் டி-58 வகை வைரஸைக் கொண்டு குருணை வடிவில் வாய்வழி மருந்து தயாரித்ததும் ஊசியும் குளிர்பெட்டியும் எட்டாத கிராமங்களுக்காகத்தான்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கியது. பண்ணையிலிருந்து செத்த கோழியைக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்துக் காரணம் கேட்பது இங்கே சாதாரண நடைமுறை. வெள்ளைக் கழிச்சலில் செத்திருந்தால், முன் இரைப்பையைப் பிளக்கும்போது சுரப்பிகளின் முனையில் ரத்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். பழகிய கண் அதைப் பார்த்ததுமே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் புள்ளிகள் நோய் முடிந்த இடத்தை மட்டும்தான் காட்டுகின்றன. வைரஸ் மூக்கில் இறங்கியதா, குடலில் இறங்கியதா, எந்த நாளில் ரத்தத்தில் ஏறியது, மூளைக்கு எப்போது போனது என்பதையெல்லாம் அறுத்த உடலிலிருந்து கணிக்கத்தான் முடியும்.

ஆய்வகத்திலும் நீண்ட காலம் இதே நிலைதான். நோயின் பயணத்தை அறிய ஒரே நாளில் பல விலங்குகளுக்கு வைரஸைக் கொடுத்து, முதல் நாள் சிலவற்றையும் மூன்றாம் நாள் சிலவற்றையும் ஐந்தாம் நாள் சிலவற்றையும் கொன்று உறுப்புகளை அரைத்து அளப்பார்கள். முதல் நாள் எலி வேறு, ஐந்தாம் நாள் எலி வேறு. இரண்டுக்கும் இடையே கோடு போட்டு இணைப்பது ஆய்வாளரின் அனுமானம். எலிக்கு எலி உடம்பு மாறுபடும் என்பதால் அந்தக் கோடு நம்பகமாக இருக்க நிறைய எலிகள் சாக வேண்டியிருந்தது. உயிரொளிப் படமெடுத்தல் இந்த இடத்தில்தான் வேலையை மாற்றியது. ஒரே விலங்கை, உயிரோடு, நாள்தோறும் பார்க்கலாம்.

அதன் வேதியியல் எளிமையானது. மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற சேர்மமும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. ஆக்சிஜனும், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியும், மெக்னீசியமும் சேர்ந்தால் நொதி லூசிஃபெரினை எரித்து ஒளியாக்கும். ஏடிபி இல்லாமல் ஒளி இல்லை என்பதை 1947-ல் காட்டியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்கெல்ராய். தேவையான பூச்சிகளைப் பால்டிமோர் நகரச் சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார். 1985-ல் அந்த நொதியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டு அதை ஏற்றிய புகையிலைச் செடி ஒளிர்ந்தது. 1995-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கான்டாகும் கூட்டாளிகளும், ஒளிரும் பாக்டீரியாவின் மரபணுக்களை ஏற்றிய சால்மொனெல்லாவை எலிக்குக் கொடுத்து, தோலுக்கு வெளியிலிருந்தே தொற்று எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். உயிருள்ள உடலுக்குள் நோயை ஒளியால் பின்தொடரும் துறை அந்த ஆய்விலிருந்து வளர்ந்தது.

படமெடுக்கும் முறையை ஒருமுறை பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே விளங்கும். எலியின் வயிற்றில் லூசிஃபெரினை ஊசியால் ஏற்றுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மயக்க வாயு கொடுத்து, வெளிச்சம் துளியும் புகாத கருப்புப் பெட்டிக்குள் 37 டிகிரி சூடாக்கிய மேடையில் படுக்க வைக்கிறார்கள். பத்து நிமிடம் போல் காத்திருக்கிறார்கள். அதற்குள் லூசிஃபெரின் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவும். மேலே இருக்கும் கேமராவின் உணரி பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரி வரை குளிர்விக்கப்பட்டிருக்கும், சொந்த வெப்பமே இரைச்சலாகிவிடாமல் இருப்பதற்காக. முதலில் சாதாரணக் கருப்பு வெள்ளைப் படம். பிறகு விளக்கை அணைத்துச் சில நொடி முதல் சில நிமிடம் வரை ஒளித்துகள்களை எண்ணுகிறது கேமரா. கணினி அந்த எண்ணிக்கைக்கு நீலம் முதல் சிவப்பு வரை நிறம் பூசி எலியின் படத்தின் மேல் வைக்கிறது. பத்திரிகைகளில் வரும் அந்த வண்ணப்படத்தில் உள்ள நிறம் ஒளியின் நிறம் அல்ல, அளவின் குறியீடு.

அந்த அளவை அப்படியே நோயின் அளவு என்று படித்துவிடக் கூடாது. உடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடினால் வெளியே வரும் ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும், சிவப்பே தப்பி வரும். கருப்பு ரோமமும் கருப்புத் தோலும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதைவிட நுட்பமான சிக்கல் ஏடிபி. பெரிய கட்டியின் நடுவில் ரத்தம் போகாமல் அணுக்கள் மூச்சுத் திணறும்போது ஒளி மங்கும்; கட்டி சுருங்கியிருக்காது. ஒளி குறைந்ததை மருந்து வேலை செய்ததாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே கவனமான ஆய்வகங்கள் கட்டியை அளவுகோலாலும் அளக்கின்றன, கடைசியில் அறுத்தும் பார்க்கின்றன. பிரேதப் பரிசோதனையை இந்த முறை ஒழித்துவிடவில்லை. எந்த நாளில், எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று சொல்கிறது.

வைரஸுக்குள் இந்த மரபணுவை ஏற்றுவது தனிக் கலை. வெள்ளைக் கழிச்சல் வைரஸின் மரபுச் சரம் லாசோட்டா வகையில் 15,186 எழுத்து நீளம், ஆறு மரபணுக்கள். அந்த எண்ணை ஆறால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. சரத்தை மூடியிருக்கும் புரதம் ஒவ்வொன்றும் சரியாக ஆறு எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்த நீளம் ஆறின் மடங்காக இல்லாவிட்டால் வைரஸ் ஒழுங்காகப் பெருகாது. புதிய மரபணுவைச் செருகுகிறவர் தேவையான எழுத்துகளைக் கூடச் சேர்த்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும். இடமும் முக்கியம்: சரத்தின் தொடக்கத்துக்கு அருகில் வைத்தால் ஒளி கூடும், ஆனால் பின்னால் வரும் வைரஸின் சொந்த மரபணுக்கள் நலியும். பி, எம் என்ற இரண்டு மரபணுக்களுக்கு இடையிலான இடம்தான் பலரின் தேர்வு. 1999-ல் இந்த வைரஸை மரபணுத் துண்டுகளிலிருந்தே ஆய்வகத்தில் உருவாக்கும் வழி கிடைத்த பிறகுதான் இதெல்லாம் கைகூடியது. சுமை ஏற்றிய வைரஸ் கொஞ்சம் வீரியம் இழக்கும். தலைமுறைகள் போனால் சுமையை உதறிவிடவும் கூடும். ஒளி காட்டும் பயணம் இயற்கை வைரஸின் பயணத்துக்கு நெருக்கமானதே தவிர அதுவே அல்ல.

புற்றுநோயும் வைரஸும் சந்தித்த முதல் இடங்களில் ஒன்று கோழி. 1911-ல் நியூயார்க்கில் பேட்டன் ரவுஸ் ஒரு கோழியின் தசைக்கட்டியை அரைத்து, அணுக்களே புகாத வடிகட்டியில் வடித்து, இன்னொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. 55 ஆண்டுகள் கழித்து, 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குஞ்சு பொரிப்பகங்களில் பொரித்த நாளே குஞ்சின் கழுத்தில் போடும் மேரக் நோய் ஊசியும் இந்தக் கதையைச் சேர்ந்தது. மேரக் என்பது ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ் உண்டாக்கும் நிணநீர்ப் புற்று. 1970-ஐ ஒட்டி வந்த அதன் தடுப்பூசிதான் எந்த உயிரினத்திலும் புற்றைத் தடுத்த முதல் தடுப்பூசி. இந்த ஊசியைத் தினமும் போடும் கைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லியிருக்கிறோமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வெள்ளைக் கழிச்சல் வைரஸ் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. புற்றை உண்டாக்குவதற்கு மாறாகப் புற்றணுவைக் கொல்கிறது. 1971-ல் லான்செட் இதழில் லாஸ்லோ சாத்தாரி என்ற மருத்துவர் ஹங்கேரிக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார். முற்றிய இரைப்பைப் புற்று. பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் பரவிய சமயத்தில் அவருடைய கட்டி சுருங்கியது. ஒருவருடைய கதை சான்று ஆகாது, ஆனால் கேள்வியைக் கிளப்பப் போதும். பின்னால் கிடைத்த விளக்கம் இது: மனித அணுவுக்குள் நுழைந்த கோழி வைரஸை இன்டர்ஃபெரான் என்ற தற்காப்புப் புரதம் உடனே அடக்கிவிடுகிறது. அந்தத் தற்காப்பை முறிக்கும் கருவி வைரஸிடம் இருந்தாலும் அது பறவையின் உடலுக்குப் பொருத்தமானது, நம்மிடம் செல்லாது. ஆகவேதான் தடுப்பு மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு பெரும்பாலும் சில நாள் கண் சிவப்பதோடு சரி. புற்றணுக்கள் பலவற்றில் இன்டர்ஃபெரான் ஏற்பாடு பழுதாகியிருக்கிறது. அங்கே வைரஸ் தங்குதடையின்றிப் பெருகுகிறது.

இப்போது 2014 ஆய்வுக்கு வரலாம். எலியின் வலது விலாவிலும் இடது விலாவிலும் தோல் புற்றணுக்களை வைத்து இரண்டு கட்டிகளை வளர்த்தார்கள். வைரஸை ஒரு பக்கக் கட்டிக்குள் மட்டும் செலுத்தினார்கள். கேமராவில் ஊசி போட்ட கட்டி ஒளிர்ந்தது. எதிர்ப்பக்கக் கட்டியில் ஒளியே இல்லை. வைரஸ் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் அந்தக் கட்டியின் வளர்ச்சியும் தணிந்தது. திறந்து பார்த்தபோது அதற்குள் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்திருந்தன. வைரஸ் முதல் கட்டியில் கிளப்பிய அழற்சி, புற்றை அடையாளம் காண வெள்ளணுக்களைப் பழக்கியிருக்கிறது. பழகியவை உடல் முழுக்கத் தேடிப்போயிருக்கின்றன. கூடவே சிடிஎல்ஏ-4 என்ற தடையை நீக்கும் மருந்தையும் கொடுத்தபோது பல எலிகளில் இரண்டு கட்டிகளுமே மறைந்தன.

இந்த வாதம் முழுவதும் நிற்பது அந்த இருண்ட பக்கத்தின் மேல். எதிர்ப்பக்கக் கட்டியில் வைரஸ் இல்லை என்பது அதே எலியில், உயிரோடு இருக்கும்போதே, அடுத்தடுத்த நாட்களில் காட்டப்பட்டிருக்காவிட்டால் வைரஸ் ரத்தம் வழியாகப் போய்க் கொன்றிருக்கும் என்று எவரும் மறுத்திருக்கலாம். வைரஸை நேரடிக் கொலையாளி என்று பார்த்து வந்த துறை, உடலின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும் கருவியாக அதைப் பார்க்கத் தொடங்கியதில் இத்தகைய படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதர்களிடம் இந்த வைரஸ் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. 2002-ல் வெளியான ஒரு முதல்கட்டச் சோதனையில் 79 நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்; தாங்கக்கூடிய அளவு தெரிந்தது, ஒரு சிலருக்குக் கட்டி சுருங்கியது. நம்பிக்கை வைக்கலாம், விளம்பரம் செய்யக் கூடாது. சேலத்திலோ நாமக்கலிலோ எவரும் கோழி மருந்தைக் கொண்டு புற்றுக்கு வைத்தியம் செய்யப் புறப்படக் கூடாது என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

தொற்றுநோய்ப் பக்கம் அண்மைக்கால உதாரணம் கொரோனா. யேல் பல்கலைக்கழகத்தில் பிரதீப் உச்சில், பிரீத்தி குமார், வால்தர் மோதஸ் ஆகியோரின் குழு நானோலூக் என்ற ஒளி நொதியை ஏற்றிய கொரோனா வைரஸை எலிகளுக்கு மூக்கில் விட்டு 2021-ல் முடிவை வெளியிட்டது. ஒளி முதலில் மூக்கில், பிறகு நுரையீரலில், அதன்பின் மூளையில் தெரிந்தது. எதிர்ப்புப் புரதம் வைரஸை ஒட்டிக்கொண்டு தடுப்பது மட்டும் போதாது, அந்தப் புரதத்தின் வால்பகுதி வெள்ளணுக்களைக் கூப்பிடவும் வேண்டும் என்பதையும் அந்தப் படங்கள் காட்டின.

இந்தியாவில் இந்த நுட்பத்தை வேரூன்ற வைத்த இடங்களில் முக்கியமானது நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகம். பிரீதா ராய், அபிஜித் டே இருவரும் அமெரிக்காவில் சஞ்சீவ் காம்பீரிடம் பயின்று திரும்பியவர்கள். கருப்பைப் புற்றைவிடத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் சூலகப் புற்று, சிஸ்பிளாட்டின் மருந்துக்கு எப்படிப் பழகிப்போகிறது என்பதைப் பிரீதா ராயின் குழு உயிருள்ள எலிகளில் ஒளியால் பின்தொடர்ந்திருக்கிறது. மனித உடலில் இதைச் செய்ய முடியாது. பூச்சியின் மரபணுவை நோயாளிக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றினாலும் நம் உடலின் ஆழம் ஒளியை விடாது. காம்பீர் மனிதர்களுக்குக் கதிரியக்க முறையைக் கையாண்டு, 2009-ல் ஒரு மூளைப்புற்று நோயாளியின் உடலில் சிகிச்சை வெள்ளணுக்கள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பெட் ஸ்கேனில் காட்டினார்.

நம் சமவெளிக்கு உரிய கேள்வி கோழியைப் பற்றியது. பெரிய கோழியில் இந்தப் படம் எடுப்பது கடினம்: இறகு, தடித்த நெஞ்சுத் தசை, போதாததற்கு 41 டிகிரியைத் தாண்டும் உடல் சூடு. மின்மினி நொதி அந்தச் சூட்டில் சீக்கிரம் குலைந்துவிடும். ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியிலிருந்து 2012-ல் உருவான நானோலூக் சூட்டைத் தாங்கும், அளவிலும் சிறியது என்பதால் வைரஸுக்குச் சுமையும் குறைவு. அதன் ஒளி நீலம், ரத்தம் அதை விழுங்கும் என்பது குறை. ஆனால் ஒரு வாரக் குஞ்சுக்குத் தோல் மெல்லியது, முதிர்ந்த இறகு முளைக்கவில்லை.

பண்ணைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, மருந்து போட்டும் நோய் ஏன் வந்தது என்பது. காரணங்களில் ஒன்று தாய்வழி எதிர்ப்புச் சக்தி. நன்றாகத் தடுப்பு மருந்து போட்ட தாய்க்கோழி தன் எதிர்ப்புப் புரதத்தை மஞ்சள் கருவில் வைத்து அனுப்புகிறது. அது முதல் வாரங்களில் குஞ்சைக் காக்கும். அதே புரதம் கண்ணில் விடும் சொட்டு மருந்தின் வைரஸையும் முடக்கலாம். சொட்டு மருந்தின் வைரஸ் பெருகும் இடங்களில் முக்கியமானது கண் குழிக்குள் இருக்கும் ஹார்டர் சுரப்பி, தோலுக்கு வெகு அருகில். ஒளி மரபணு ஏற்றிய லாசோட்டாவைத் தாய்வழி எதிர்ப்பு மிகுந்த குஞ்சுக்கும், எந்த மருந்தும் படாத, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அண்டாத மந்தையிலிருந்து வந்த குஞ்சுக்கும் கண்ணில் விட்டு, அந்தச் சுரப்பி எந்த வயதுக் குஞ்சில் ஒளிரத் தொடங்குகிறது என்று நாள்வாரியாகப் பார்க்கலாம். முதல் சொட்டை எந்த நாளில் விடுவது என்ற கேள்விக்கு ரத்தப் பரிசோதனை சுற்றி வளைத்துச் சொல்லும் விடையைச் சுரப்பியிலேயே நேரில் காணலாம்.

இதற்குத் தேவையானவற்றில் பல இங்கே உண்டு. நாமக்கல் கல்லூரியில் நோயறிந்த கண்கள் இருக்கின்றன. சேலம் மாவட்டம் தலைவாசலில் 2020-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இடம் இருக்கிறது. கருப்புப் பெட்டிக் கேமரா வேண்டும், மரபணு மாற்றிய வைரஸைக் கையாள உயிர்ப் பாதுகாப்புக் குழுக்களின் அனுமதி வேண்டும், வைரஸ் வெளியேறாத கூடம் வேண்டும். கூடவே இன்னொன்று: சமவெளியில் நாள்தோறும் இறங்கும் கோடிக்கணக்கான முட்டைகளில் ஒன்றுகூட இந்தச் சோதனையின் ஒப்பீட்டுக் குஞ்சுக்கு உதவாது. கூண்டுக்கோழி முட்டையில் கரு இல்லை. இனப்பெருக்கப் பண்ணை முட்டையில் கரு உண்டு, ஆனால் தாயின் எதிர்ப்புப் புரதமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குஞ்சுகளைத் தடுப்பு மருந்துத் தயாரிப்புக்காக வளர்க்கப்படும், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அண்டாத மந்தைகளிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.